அப்பாயியின் உள்ளங்கால்

(நியூ ஜெர்சியில் நடந்த நம் கூட்டத்தில் பேசியது. வர முடியாத தோழர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன். பேசின மாதிரியே விட்டிருக்கிறேன், ரொம்பத் திருத்தவில்லை.)



முதல்ல ஒரு கேள்வி. உங்க வீட்டுல அறுபத்தைந்து வயசுக்கு மேல யாராவது இருக்காங்களா? பாட்டி, தாத்தா, அம்மாச்சி, அப்பாயி, யாராவது? அவங்க உள்ளங்காலைக் கடைசியா எப்போ பாத்தீங்க?

கை தூக்கச் சொல்ல மாட்டேன். சில வருஷத்துக்கு முன்னாடி யாராவது என்னைக் கேட்டிருந்தா என் கையும் மேல போயிருக்காது. இத்தனைக்கும் நான் பொதுச் சுகாதாரம் படிக்கிறவள். அப்பாயிக்குக் கால் நகம் வெட்டி விடுறதும் நான்தான்.

இன்னைக்கு நான் பேச வந்தது தோல் புற்றுநோய் பத்தி. தலைப்பைப் பாத்துட்டு ஒரு தோழர் கேட்டார்: "அது வெள்ளைக்காரங்களுக்கு வர்றதாச்சே, நமக்கு எதுக்கு?" நியாயமான கேள்வி. அதுல பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் எங்க அப்பாயி இருந்தாங்க.

முதலில் நாட்டுக் கணக்கு. தோல் புற்றுநோய்களில் அதிகம் கொல்வது மெலனோமா. அமெரிக்காவில் வருஷத்துக்குச் சுமார் 1 லட்சம் பேருக்கு உடம்புக்குள் பரவக்கூடிய மெலனோமா கண்டுபிடிக்கப்படுகிறது. 8,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். கண்டுபிடிக்கப்படுகிறவர்களில் பாதிப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். ஐம்பதுக்குக் கீழே உள்ள ஆண்களிடம் இப்போது விகிதம் குறைகிறது, பெண்களிடம் ஏறாமல் நிற்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்களிடம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆக இது பெரும்பாலும் வயசானவர்களின் நோய்.

இதைவிட அதிகமாக வரும் மற்ற இரண்டு தோல் புற்றுநோய்களை, பேசல் செல், ஸ்குவாமஸ் செல் வகைகளை, நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடுகள் எண்ணுவதே இல்லை. மெடிகேர் பில்களையும் சர்வேக்களையும் வைத்து மதிப்பிட்டால், 2012-ல் மட்டும் 33 லட்சம் பேருக்கு 54 லட்சம் கட்டிகள். எண்ணாத நோய்க்கு விகிதமும் கிடையாது, போக்கும் கிடையாது. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

இப்போ ஒரு விசித்திரம். 2021-ல் வெல்ச், மேசர், அடம்சன் என்ற மூன்று மருத்துவர்கள் நியூ இங்கிலாண்ட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். நாற்பது வருஷத்தில் மெலனோமா கண்டுபிடிப்பு ஆறு மடங்கு ஆகியிருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் சாவு விகிதம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நிஜமாகவே நோய் ஆறு மடங்கு ஆகியிருந்தால் சாவும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால், ஏறியது தேடல்தான் என்பது அவர்கள் வாதம். தோல் மருத்துவரிடம் அடிக்கடி போவது, சந்தேகப்பட்ட மச்சத்தையெல்லாம் வெட்டிப் பார்ப்பது, நுண்ணோக்கியில் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தாலும் புற்றுநோய் என்று எழுதுவது. ஒவ்வொரு பயாப்சிக்கும் ஒரு பில் போகிறது. விட்டிருந்தால் கடைசிவரை ஒன்றும் செய்திருக்காத மச்சங்களுக்காகப் பல முதியவர்கள் 'புற்றுநோயாளி' ஆனார்கள்.

எல்லா மருத்துவர்களும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. வெயில் படும் வாழ்க்கை, உடம்பு பழுப்பாக்கும் டேனிங் படுக்கை, இதெல்லாம் நிஜமான நோயையும் கூட்டியிருக்கிறது என்கிறார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்த நாட்டில் ஒரு சாரார் தோலை மருத்துவம் தேவைக்கு மேல் பார்க்கிறது. அதே மருத்துவம் இன்னொரு சாரார் தோலைப் பார்ப்பதே இல்லை. இரண்டும் ஒரே கடையின் இரண்டு வாசல். காசு வருகிற தோலில் தேடுவார்கள். வராத தோல் வாசலுக்கு வெளியே நிற்கும்.

சரி, நம்ம தோல். வெள்ளையர்களில் லட்சத்துக்கு இருபத்தைந்து, முப்பது பேருக்கு மெலனோமா வருகிறது என்றால், கறுப்பின மக்களிடமும் ஆசியர்களிடமும் லட்சத்துக்கு ஒருவர் அளவில்தான் வருகிறது. "நமக்கு வராது" என்பதில் உண்மையான பாதி இதுதான். மெலனின் நம்மை வெயிலிலிருந்து நன்றாகவே காக்கிறது. நம் ஊரில் கேவலப்படுத்தப்பட்ட அதே கறுப்பு.

ஆனால் வந்தால்? வெள்ளை நோயாளிகளில் ஐந்து வருஷம் உயிரோடு இருப்பவர்கள் சுமார் 94 சதவீதம். கறுப்பின நோயாளிகளில் சுமார் 70 சதவீதம். ஏன் இந்த வித்தியாசம்? ஒரு காரணம், தாமதம். இன்னொரு காரணம், இடம். கருத்த தோலில் மெலனோமா பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது: உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். இதற்கு ஏக்ரல் மெலனோமா என்று பெயர். பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்துக்கடியில் வந்தது இதுதான். 1981-ல் 36 வயதில் இறந்தார்.

இந்த வகைக்கும் வெயிலுக்கும் பெரிதாகச் சம்பந்தம் இல்லை. டெக்சாஸ் ஆஸ்டினில் இருக்கும் அதே அடம்சன், அவரும் ஒரு கறுப்பின மருத்துவர், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து வெள்ளையரல்லாதோர் பற்றிய 13 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். 11-ல் புற ஊதாக் கதிருக்கும் மெலனோமாவுக்கும் தொடர்பே தெரியவில்லை. 2016-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வேறு ஒன்றைக் காட்டினார்கள்: உள்ளங்காலில் நடக்கும்போது அழுத்தம் அதிகம் விழுகிற இடங்களில், குதிகாலிலும் முன்பாதத்திலும்தான், இது அதிகம் வருகிறது.

அதனால, "கருப்பா இருந்தாலும் சன்ஸ்கிரீன் போடு, புற்றுநோய் வராது"ன்னு நமக்கு விளம்பரம் பண்றவங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடதான் பாக்குறேன். 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வித்தவங்க 2020-ல் பேரை க்ளோ அண்ட் லவ்லின்னு மாத்தினாங்க. டப்பா மாறுது. நம்ம தோல்ல ஏதோ குறை இருக்குங்கிற வியாபாரம் மட்டும் மாறவே இல்லை. சன்ஸ்கிரீன் போடுறது தப்பில்ல. ஆனா அதை யாரும் உள்ளங்கால்ல தடவுறதில்ல.

இப்போ அப்பாயி கதை.

திருவாரூர் பக்கத்து ஊர். சின்ன வயசுல இருந்து அறுபது வயசு வரைக்கும் வயல்ல, வெறுங்கால்ல. நடவு, களை, அறுப்பு. எங்க அப்பா படிச்சு இங்க வந்ததே அந்தக் கால் சம்பாதிச்ச காசுலதான். தாத்தா போனப்புறம், 2019-ல் கிரீன் கார்டுல இங்க வந்தாங்க. வயசு 69.

2021 கடைசியில குதிகால்ல ஒரு கருப்புப் புள்ளி. அவங்களே பாத்துட்டு "கால் ஆணிடி"ன்னாங்க. பித்தவெடிப்பு நிறைஞ்ச கால், அதுல ஒரு கருப்பு யாருக்குத் தெரியும்? மருந்துக்கடையில கால் ஆணிக்கு ஒட்டுற பிளாஸ்டர் வாங்கிக் குடுத்தேன். நான்தான் வாங்கினேன். ஆறு மாசம் ஒட்டினாங்க. புள்ளி பெருசாச்சு. ஒரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனோம், ரத்தக்கட்டுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மூணு மாசம் கழிச்சு கசிய ஆரம்பிச்சப்போ வேற இடத்துல போய்க் காமிச்சோம், புண்ணுன்னு களிம்பு குடுத்தாங்க. ரெண்டு இடத்துலயும் பயாப்சிங்கிற வார்த்தையே வரல. அவங்களைத் திட்ட இதைச் சொல்லல. அவங்க படிச்ச புத்தகத்துல எங்க அப்பாயி கால் மாதிரி ஒரு கால் இருந்திருக்காது.

அதுக்கப்புறம் அப்பாயி காட்டவே மாட்டேன்னுட்டாங்க. காரணம் பில். ரெண்டு தடவை போனதுக்கு வந்த பில்லை அப்பா மேசையில வெச்சிருந்தார். அப்பாயிக்கு இங்கிலீஷ் படிக்க வராது, எண் படிக்க வரும். "எனக்கு ஒண்ணும் இல்லடா தம்பி, வலியே இல்ல"ன்னு சாக்ஸ் போட்டுக்கிட்டாங்க. வீட்டுக்குள்ளயும் சாக்ஸ். குளிருதுன்னு நினைச்சோம்.

இங்க இன்சூரன்ஸ் விஷயத்தைப் பொறுமையா கேளுங்க, ஏன்னா உங்க வீட்டுலயும் இதே தப்பு நடந்துக்கிட்டிருக்கலாம்.

65 வயசு ஆனவருக்கு மெடிகேர் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் கிரீன் கார்டில் வந்த முதியவர் இங்கே தொடர்ந்து ஐந்து வருஷம் வாழ்ந்த பிறகுதான் காசு கட்டியாவது அதில் சேர முடியும். இங்கே வேலை செய்து வரி கட்டாதவருக்கு அது இலவசமும் இல்லை: 2024-ல் ஆஸ்பத்திரிக்கான பகுதிக்கு மட்டும் மாதம் 505 டாலர், டாக்டருக்கான பகுதிக்கு இன்னொரு 174 டாலர் 70 சென்ட். ஏழைகளுக்கான மெடிகெய்டிலும் 1996 சட்டம் பெரும்பாலான குடியேறிகளுக்கு ஐந்து வருஷத் தடை போட்டது. கிளின்டன் கையெழுத்துப் போட்ட சட்டம். டெக்சாஸ் தோழர்களுக்குத் தெரியும், அங்கே மெடிகெய்ட் விரிவாக்கமே நடக்கவில்லை.

இந்த ஐந்து வருஷப் பள்ளத்தில் நம் வீடுகள் என்ன செய்கின்றன? விசிட்டர் இன்சூரன்ஸ் வாங்குகின்றன. எங்க அப்பாவும் அதைத்தான் வாங்கினார். மலிவு. ஆனால் அது சுற்றுலா வருகிறவர் கீழே விழுந்தால் கட்டுப் போடத்தான். ஏற்கெனவே இருக்கிற நோய் என்று ஒரு வரியைக் காட்டிக் கையை விரித்துவிடும். எங்களுக்கும் விரித்தது.

எங்களுக்குத் தெரியாமல் போனது இது: மெடிகேருக்குத் தகுதி வராத கிரீன் கார்டு முதியவர், ஒபாமா கேர் சந்தையில் முறையான இன்சூரன்ஸ் வாங்கலாம். 65 தாண்டிவிட்டது என்று மறுக்க முடியாது. இருக்கிற நோயைக் காரணம் காட்டவும் முடியாது. நியூ ஜெர்சியில் மாநிலமே அந்தச் சந்தையை நடத்துகிறது. அப்பா ஒரு சாஃப்ட்வேர்காரர், நான் பொதுச் சுகாதார மாணவி. ரெண்டு பேருக்கும் தெரியல. அரசாங்க உதவி எதைத் தொட்டாலும் அம்மா கிரீன் கார்டு போயிடும்ங்கிற பயத்துல அப்பா விசாரிக்கவே இல்ல. அந்தப் பயத்தை 2019-ல் வேணும்னே கிளப்பி விட்டாங்க. அந்த விதியை 2021-ல் கைவிட்டாங்க, பயம் எங்க வீட்டை விட்டுப் போகல.

2023 பிப்ரவரியில அப்பாயி குளியலறையில வழுக்கினாங்க. தூக்கும்போது சாக்ஸ் ஈரமா இருந்தது. தண்ணின்னு நினைச்சுக் கழட்டினேன்.

பயாப்சி முடிவு ஏக்ரல் மெலனோமா. நாலு மில்லிமீட்டருக்கு மேல் ஆழம். தொடை இடுக்கு நிணநீர்க் கட்டி வரைக்கும் போயிருந்தது. ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருக்கும்போது பிடிச்சிருந்தா வெட்டி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. ஆஸ்பத்திரியில ஒரு சமூகப் பணியாளர் அம்மா உக்காந்து, மாநிலத்தின் சாரிட்டி கேர் விண்ணப்பத்தை எங்களோட சேர்ந்து நிரப்பினாங்க. அவங்க இல்லன்னா அறுவை சிகிச்சையும் நடந்திருக்காது.

2024 வசந்தத்துல ஐந்து வருஷம் முடிஞ்சு, மெடிகேர் கார்டு தபால்ல வந்தது. அப்பாயி அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "பந்தி முடிஞ்சப்புறம் இலை போடுறானுங்க"ன்னு சிரிச்சாங்க. அந்த வருஷம் நவம்பர்ல இறந்துட்டாங்க.

இனி மருந்து. இதையும் சொல்லியே ஆகணும், ஏன்னா இந்தக் கதை நம்ம மூணு ஊர்லயும் நடந்தது.

டெக்சாஸில் பிறந்த ஜேம்ஸ் ஆலிசன் என்ற விஞ்ஞானி 1990-களில் பே ஏரியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். நம் எதிர்ப்பு சக்தி செல்களுக்கு ஒரு பிரேக் இருக்கிறது. அதை விடுவித்தால் அவை புற்றுநோயைத் தாக்கும் என்று எலிகளில் காட்டினார். பொதுப் பல்கலைக்கழகம், பொதுப்பணம். அதை மருந்தாக்கியது நியூ ஜெர்சி பிரின்ஸ்டனில் இருந்த மெடரெக்ஸ். 2009-ல் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் அந்தக் கம்பெனியை 240 கோடி டாலருக்கு வாங்கியது. 2011-ல் யெர்வாய் என்ற பெயரில் மருந்து வந்தபோது நாலு ஊசி கொண்ட ஒரு சிகிச்சைக்கு விலை 1,20,000 டாலர். 2014-ல் மெர்க்கின் கீட்ரூடா வந்தது. அந்தக் கம்பெனியின் தலைமையகம் இங்கே ராவேயில். 2024-ல் அந்த ஒரு மருந்தின் விற்பனை மட்டும் 2,900 கோடி டாலருக்கு மேல். ஆலிசனுக்கு 2018-ல் நோபல் பரிசு. இப்போது ஹூஸ்டனில், எம்.டி. ஆண்டர்சனில் இருக்கிறார்.

இந்த மருந்துகள் வேலை செய்கின்றன. அதை மறைக்கக் கூடாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 2013 வரை ஏறிக்கொண்டிருந்த மெலனோமா சாவு விகிதம், அதற்குப் பிறகு வருஷத்துக்கு 5, 6 சதவீதம் இறங்கியது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-ல், 90 வயதில், மெலனோமா மூளை வரை போயிருந்தது. கீட்ரூடாவும் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். அவர் 2024 டிசம்பரில், நூறு வயது நிறைந்து இறந்தார். அப்பாயிக்கு ஒரு மாதம் கழித்து. எனக்குக் கார்ட்டர் மேல கோவம் இல்ல. எல்லாருக்கும் அந்த வயசு கிடைக்கணும்னுதான் சொல்றேன்.

ஆனால் இங்கேயும் ஒரு பாரபட்சம் இருக்கிறது. வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணு மாற்றங்கள் ஏராளம். அதனால் எதிர்ப்பு சக்தி அதை எளிதில் அடையாளம் காணும். ஏக்ரல் வகையில் அவை குறைவு. அதனால் இந்த மருந்துகள் அதில் அவ்வளவாகக் கேட்பதில்லை. இது உயிரியல், யார் சதியும் இல்லை. ஆனால் எந்தப் புற்றுநோயை முதலில் ஆராய்வது, சோதனைகளில் யாரைச் சேர்ப்பது என்பது உயிரியல் இல்லை. அந்த மருந்துச் சோதனைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள்.

கணினித் துறைத் தோழர்களுக்கும் ஒன்று. 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் சுமார் 1,29,000 படங்களை வைத்து, தோல் புற்றுநோயை மருத்துவர் அளவுக்குக் கண்டுபிடிக்கும் மென்பொருள் செய்தார்கள். பெரிய செய்தி. எந்தத் தோலின் படங்களைக் கொடுத்துப் பழக்குகிறோம் என்று பாருங்கள் என 2018-லேயே அடம்சன் எச்சரித்தார். 2022-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களே கருத்த தோல் படங்களைக் கொடுத்துச் சோதித்தார்கள். இப்படிப்பட்ட மென்பொருள்கள் அங்கே சறுக்கின. அந்தக் கிளினிக்குகளின் தவறைத்தான் இயந்திரத்துக்கும் கற்றுக் கொடுத்திருக்கிறோம்.

நம் நாட்டுப் பக்கமும் பாருங்க. 1945-லேயே மும்பை மருத்துவர் கானோல்கர், வேட்டி இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் தோல் புற்றுநோயைப் பற்றி எழுதினார். 2024-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில், மகாராஷ்டிராவின் வர்தாவிலும் பீகாரிலும் இருக்கும் மருத்துவர்கள் இரண்டு பெண்களைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்கு 70 வயது, இன்னொருவர் எழுபதை நெருங்கியவர். வருஷக்கணக்காகச் சேலை இறுக்கிக் கட்டிய இடுப்பில் ஆறாத புண். ஒருவருக்குப் பதினெட்டு மாதம், இன்னொருவருக்கு இரண்டு வருஷம். இரண்டும் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய். காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்ரி நெருப்புச் சட்டியால் தொடையில் வருவது இன்னொரு வகை. இதெல்லாம் அமெரிக்கப் பதிவேடு எண்ணாத வகை என்பது நினைவிருக்கிறதா? நியூ ஜெர்சியில் ஒரு பாட்டிக்கு உள்பாவாடை நாடா கட்டும் இடத்தில் இது வந்தால், எந்தக் கணக்கிலும் அவர் வரமாட்டார். ஏக்ரல் மெலனோமா வந்தாலும் 'ஆசியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் கரைந்துவிடுவார். கலிஃபோர்னியாவில் 2016-ல் ஒரு சட்டம் போட வைத்தார்கள், மாநிலச் சுகாதாரத் துறை ஆசியர் என்ற மூட்டையைப் பிரித்துக் கணக்கு எடுக்கணும் என்று. அது தானாக வரவில்லை, மாணவர்களும் அமைப்புகளும் போராடி வாங்கியது.

முடிக்கிறேன். என்ன செய்யலாம்?

எல்லாரும் ஓடிப் போய் முழு உடம்புப் பரிசோதனை பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். அறிகுறியே இல்லாதவர்களுக்கு அது பயன் தரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2023-ல் அரசின் தடுப்பு மருத்துவக் குழுவே சொல்லிவிட்டது. நான் கேட்கிறது ரொம்பச் சின்ன விஷயம். இந்த வாரம் உங்க பாட்டிக்கோ தாத்தாவுக்கோ கால் நகம் வெட்டி விடுங்க. வெட்டும்போது உள்ளங்காலைப் பாருங்க. கருப்பாகவோ சிவப்பாகவோ புதுசாக வந்து வளர்கிற புள்ளி, ரெண்டு மாதத்தில் ஆறாத புண், கசிகிற 'கால் ஆணி', ஒரே ஒரு நகத்தில் புதுசாக வந்து அகலமாகிற கருங்கோடு. நம் தோலில் பல நகத்தில் மெல்லிய கோடு இருப்பது சகஜம், பயப்பட வேண்டாம். பாவாடை நாடா இடத்தில் புண் இருக்கான்னு அம்மாவை விட்டுக் கேக்கச் சொல்லுங்க. சந்தேகம்னா டாக்டரிடம் "பயாப்சி செய்ய வேண்டாம்னா ஏன்னு எழுதிக் கொடுங்க"ன்னு கேளுங்க. மரியாதையாகக் கேளுங்க, ஆனா விடாதீங்க.

ரெண்டாவது, இன்சூரன்ஸ். கிரீன் கார்டில் வந்த பெரியவங்க யார் வீட்டில் இருக்காங்களோ, அவங்களோட உக்காந்து சந்தை விண்ணப்பத்தை நிரப்ப நாம ஒரு குழு போடலாம். விதிகள் மாறிக்கிட்டே இருக்கு, அதனால தனித்தனியா படிக்கிறதைவிடச் சேர்ந்து படிக்கிறது நல்லது. பதிவு செய்யும் காலம் நவம்பரில் தொடங்கும். நான் வர்றேன். மாசம் ரெண்டு சனிக்கிழமை தர முடியும். இன்னும் நாலு பேர் வேணும். தெலுங்கு, குஜராத்தி, ஸ்பானிஷ் பேசறவங்க இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா இந்தப் பள்ளம் நமக்கு மட்டும் வெட்டினதில்ல.

மூணாவது, அந்த ஐந்து வருஷத் தடையை எடுக்கணும். அது நகம் வெட்டி முடியற காரியம் இல்ல. அதுக்குத்தான் நாம அமைப்பா இருக்கோம்.

அப்பாயி சாக்ஸ் இன்னும் என் அலமாரியில இருக்கு. துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன். கூட்டம் முடிஞ்சதும் வாசல்கிட்ட ஒரு தாள் இருக்கும். பேர் எழுதிட்டுப் போங்க.